ரத்தத்தில் துடுப்பு ஊறாது

தூத்துக்குடியில் விளையாட்டு பற்றி யார் மேடை ஏறினாலும் ஒரு வசனம் நிச்சயம் உண்டு. "இது முத்துக் குளித்த மண். இங்கே பிறந்த பிள்ளைக்கு நீச்சலும் துடுப்பும் ரத்தத்திலேயே ஊறியது." உடனே கைதட்டல், பொன்னாடை, டீ, பிஸ்கட். பேசியவர் காரில் ஏறிப் போய்விடுவார். திரேஸ்புரத்துப் பையன் அன்று சாயங்காலமும் வழக்கம்போல வாலிபால்தான் ஆடுவான், ஏனென்றால் அதற்குத்தான் ஊரில் நெட் இருக்கிறது.

கேட்க இனிமையாக இருக்கும் இந்த வசனத்துக்குச் செலவு ஒரு பைசா கிடையாது. விஷமே அங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது என்றால் அப்புறம் கோச் எதற்கு? படகு எதற்கு? பயிற்சி முடித்து வரும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் எதற்கு? எல்லாம் தானாக நடக்க வேண்டியதுதானே? நடக்கவில்லையென்றால் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வமில்லை" என்று இரண்டாவது வசனம் தயாராக இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒலிம்பிக்கில் ஒற்றை ஆள் துடுப்புப் படகு, அதாவது சிங்கிள் ஸ்கல்ஸ். 2008-லிருந்து இந்தியாவுக்காக அதில் இறங்கிய ஆண்கள் யார் யார் என்று பாருங்கள். பெய்ஜிங் 2008-ல் பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானின் சீகர் மாவட்டம். லண்டன் 2012-ல் ஸ்வரண் சிங், பஞ்சாபின் மான்சா மாவட்டம். ரியோ 2016-ல் தத்து போகனல், மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து வறண்ட கிராமம். டோக்கியோவுக்கு ஒற்றைப் படகில் யாரும் போகவில்லை, இரட்டைப் படகுதான் போனது. பாரிஸ் 2024-ல் பல்ராஜ் பன்வார், ஹரியானாவின் கர்னால் மாவட்டம். பாலைவனம், கோதுமை வயல், தண்ணீர்ப் பஞ்சம், மறுபடியும் கோதுமை வயல். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கும் நாடு இது! நான்கு பேரில் ஒருவர் வீட்டு வாசலிலிருந்தும் கடல் தெரியாது. ஆனால் நான்கு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நால்வரும் ராணுவத்தில் இருந்தவர்கள். அங்கே ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளை நிற்கவைத்து உயரம் அளந்தார்கள், படகு கொடுத்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், தினமும் காலையில் எழுப்பிவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான்.

தத்து போகனல் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாந்த்வட் தாலுகாவில் தளேகாவ் ரோஹி என்ற ஊர். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டப் போனவர். அப்பா இறந்த பிறகு 2012-ல் ராணுவத்தில் சேர்ந்தார். துடுப்பு என்ற சாமானை அதன் பிறகுதான் கையில் எடுத்தார். ஆரம்பத்தில் தண்ணீர் என்றாலே பயம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிணறு வெட்டுகிறவருக்குத் தண்ணீர் பயம்! புனேவில் ராணுவத்தின் துடுப்புப் படகு மையத்தில் கற்றார். நாலே வருஷத்தில், 2016-ல், ரியோவில் ஒற்றைப் படகில் 13-வது இடம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நால்வர் படகில் தங்கம்.

அதே ஆசியப் போட்டியில் ஒற்றைப் படகுப் பந்தயத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று சொல்லி 2019-ல் இந்தியத் துடுப்புப் படகு சம்மேளனம் அவருக்கு இரண்டு வருடத் தடை போட்டது. உடம்பு சரியில்லாமல் இருந்தது என்பது அவர் தரப்பு. 2020-ல் தடை விலக்கப்பட்டது. மேடையில் "இயற்கைத் திறமை" என்று புகழ்கிற இதே உலகம், அந்தத் திறமைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்காக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது படகுக்கு வருவோம். 'துடுப்புதானே, வலித்தால் போகுது' என்று நினைப்பவர்களுக்காக.

ஒற்றை ஸ்கல் படகு நீளத்தில் சுமார் 27 அடி. அகலம் தண்ணீர் மட்டத்தில் ஓர் அடிதான் தேறும். எடை குறைந்தபட்சம் 14 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு சிலிண்டருக்குள் இருக்கிற கேஸே 14.2 கிலோ! அந்த எடையில் ஒரு படகு, அதன்மேல் 80, 90 கிலோ ஆள், அதுவும் சக்கரம் வைத்து முன்னும் பின்னும் ஓடும் சீட்டில். கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றும் ஒன்பது அடிக்கு மேல். படகைக் கவிழாமல் நிறுத்துவதே அந்த இரண்டு துடுப்புகள்தான். கழைக்கூத்தாடி கையில் இருக்கும் கம்பு மாதிரி. கைப்பிடியை விட்டால் அடுத்த நொடி தண்ணீருக்குள்.

இதில்தான் கடல்காரன் பிள்ளை திணறுவான் என்பது மேடைப் பேச்சாளர்களுக்குத் தெரியாது. வள்ளத்தில் வளர்ந்தவனின் கண் எப்போதும் அணியத்தைத் தாண்டி முன்னால்தான் இருக்கும். ஸ்கல்லில் அமரத்தைப் பார்த்து உட்கார வேண்டும். போகிற திசை முதுகுக்குப் பின்னால். அலை வந்தால் இறுக்கிப் பிடி என்று உடம்பு பழகியிருக்கும். ஸ்கல்லில் இறுக்கிப் பிடித்தால் துடுப்பு மட்டை சரியாகத் திரும்பாது, தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும், படகு கவிழும். வலை இழுத்த தோளும் கையும் முதலில் வேலை செய்யத் துடிக்கும். ஸ்கல்லில் வேலை காலில் ஆரம்பிக்கிறது. கால் உதைக்க வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியில்தான் கை வர வேண்டும். திரும்பும்போது அப்படியே தலைகீழ். அதற்கும் மேலே, இரண்டு கைப்பிடிகளும் நடுவில் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும், இடது கை கொஞ்சம் மேலே, வலது கை கொஞ்சம் கீழே. முதல் மாதம் முழுக்க விரல் முட்டியில் தோல் இருக்காது.

கடலோரத்துப் பிள்ளைக்கு ஒன்றுமே சாதகமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கவிழ்ந்தால் பதறாத மனசு இருக்கிறதே, அது பெரிய சொத்து. புனேவில் அதற்கே சில வாரம் ஆகும். காற்று சோழகமா வாடையா, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்காமலே சொல்லும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் துடுப்பு? வள்ளத்தில் எஞ்சின் வந்து ஒரு தலைமுறை தாண்டிவிட்டது. இன்று தூத்துக்குடி வள்ளத்தில் துடுப்பு என்பது எஞ்சின் மக்கர் செய்தால் எடுக்கிற சாமான். இருபது வயசுப் பையனுக்கு டீசல் விலை அத்துப்படி, தண்டு வலிக்கத் தெரியாது. அவன் மேல் தப்பில்லை. அவன் அப்பாவே அதை விட்டாயிற்று.

முத்துக்குளிப்பே ரத்தத்தில் நடந்த வேலை கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் கடல் அடங்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில்தான் குளிப்பு. ராத்திரி கரைக்காற்றில் படகு புறப்படும், விடிந்ததும் குளிப்பு, கடல்காற்று எழும்போது கரைக்குத் திரும்பும். காலில் கல், இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் நம்பிக்கையான ஆள் (மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்!). கச்சிதமான டைம்டேபிள், கச்சிதமான வேலைப் பிரிவினை. சின்ன வயசிலிருந்து பழகிய மூச்சு. இத்தனையையும் "ரத்தம்" என்று ஒரே வார்த்தையில் சுருக்குவது அந்த உழைப்பைத் திருடுவது. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவனுக்கு, மீதி சர்க்காருக்கு. பெருமை மட்டும் மண்ணுக்கு! 1961-ல் நடந்ததே கடைசிக் குளிப்பு. அதற்கப்புறம் பிறந்தவர்களுக்கே இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். எந்த ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியவில்லை.

ஆனால் அந்த டைம்டேபிள் மட்டும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். தூத்துக்குடியில் ஒற்றைப் படகு பழக நேரம் எதுவென்று கடல்தான் சொல்லும். விடிவதற்குச் சற்று முன்னாலிருந்து காலை எட்டு மணிவரை. அதற்கப்புறம் காற்று எழும்பிவிடும், வெயிலும் ஏறிவிடும். ஆடி மாசம் என்றால் அந்த இரண்டு மணி நேரமும் உத்தரவாதமில்லை.

அந்த நேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள்? டியூஷனில்! காலை 5 மணிக்கு ஃபிசிக்ஸ், 6.30-க்கு மேத்ஸ். பத்தாவது வந்துவிட்டால் வீட்டில் டிவியே மூடி வைத்திருப்பார்கள், படகுக்கு யார் அனுப்புவது? இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த அகாடமி வந்தாலும் வேலைக்கு ஆகாது. ஏழாவது, எட்டாவது படிக்கும்போதே ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தையும் பேசிச் சம்மதிக்க வைத்தால்தான் உண்டு. மார்க் வாங்கும் பிள்ளையை விளையாட்டுக்கு விடக்கூடாது, மார்க் வாங்காத பிள்ளை விளையாட்டுக்குப் போகட்டும் என்ற கணக்கு இருக்கிறதே, ரத்தக் கதைக்கு அடுத்தபடியாக ஒழிய வேண்டிய கதை அது.

புதுப் பயிற்சி முறைக்குள் ஒரு பிள்ளையை இறக்குவதிலும் இங்கே பெரிய சொதப்பல் நடக்கும் என்று இப்போதே சொல்லலாம், மற்ற விளையாட்டுகளில் பார்த்ததுதானே. முதல் வாரமே ஆறு நாள், காலை மாலை இரண்டு வேளை. கையில் ஸ்டாப்வாட்ச். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் இடுப்பு வலி என்று நின்றுவிடுவார்கள். மீதி இருப்பவர்களை "டெடிகேஷன்" என்று பாராட்டுவார்கள். துடுப்புக்காரர்களுக்குக் கீழ்முதுகு வலியும் விலா எலும்பில் மயிரிழை விரிசலும் சகஜமாக வரும் காயங்கள். பழகாத உடம்பில் வேலையைச் சட்டென்று ஏற்றினால் வரவேண்டிய நாளுக்கு முன்பே வந்துவிடும்.

ஒற்றைப் படகில் முதல் மாதம் வேகம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீர் போதும். முதல் நாள் வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி ஏறக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. பிறகு சீட்டை ஓட்டாமல் கையால் மட்டும் நாலு தப்படி. பிறகு பாதி சீட். அலுப்பாகத்தான் இருக்கும். நிமிஷத்துக்கு 18, 20 வலிப்புக்கு மேல் போகாமல் பல மாதம் ஓட்டுவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம், சாம்பியன்களும் வருஷத்தில் பெரும்பகுதி அந்த வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள். நம்ம ஆட்கள் ஜன்னலில் நின்று பார்த்து, "என்னப்பா, சவாரி போற மாதிரி இருக்கு" என்பார்கள். அந்தக் கமெண்டைத் தாங்குகிற கோச் வேண்டும்.

இவ்வளவும் எதற்கு, தூத்துக்குடிக்கும் ஒலிம்பிக் துடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2028 வரைக்கும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 14 கிலோ ஸ்கல் படகு ஏரிக்கும் ஆற்றுக்கும் செய்தது, திறந்த கடலில் அது நிற்காது. ஆனால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கடல் துடுப்புப் போட்டி நுழைகிறது. பீச் ஸ்பிரின்ட் என்று பெயர். மணலில் ஓடி வந்து படகில் ஏறி, மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றி 250 மீட்டர் கடலுக்குள் போய், திரும்பி நேராக 250 மீட்டர் கரைக்கு வந்து, குதித்து மறுபடி மணலில் ஓட வேண்டும். ஆண்கள் ஒற்றை, பெண்கள் ஒற்றை, ஆணும் பெண்ணும் சேர்ந்த இரட்டை என்று மூன்று போட்டிகள். அதற்கு இடம் விட்டு வெளியேறியது எடை குறைந்தவர்களுக்கான இரட்டைப் படகு, பாரிஸோடு அது முடிந்தது. 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக்கிலும் கடல் துடுப்பைத்தான் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் கடல் ஒற்றைப் படகு 6 மீட்டருக்கு மேல் நீளமில்லை, எடை குறைந்தது 35 கிலோ, அகலமாக இருக்கும், பின்பக்கம் திறந்திருப்பதால் அலை ஏறினாலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். புதிதாகப் பழகும் பிள்ளை அதில் அவ்வளவு சீக்கிரம் கவிழாது. அலையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இங்கேதான் உண்மையான லாபம்! கோதுமை வயலிலிருந்து வந்தவர் இதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

இது உலகத்துக்கே இளம் விளையாட்டு. பீச் ஸ்பிரின்டுக்கான உலகப் போட்டி முதன்முதலாக நடந்ததே 2019-ல்தான், சீனாவின் ஷென்சென் நகரில். நூறு வருஷம் முன்னால் ஓடியவர்கள் யாரும் இல்லை. வருஷத்துக்கு வருஷம் இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

இடமா? பழைய துறைமுகத்துக்கும் முயல் தீவுக்கும் நடுவில் ஒதுக்கமான தண்ணீர் இருக்கிறது. தோணிகள் நிற்கிற இடம், படகுப் போக்குவரத்து உண்டு, நேரம் ஒதுக்கிப் பேச வேண்டும். புதுத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள் பாதுகாப்புப் படை காவல், அங்கே பேச்சே இல்லை. வடக்கே வான் தீவு, காசுவார் தீவுப் பக்கம் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி. எல்லாமே காகித வேலை. சுற்றுலாவுக்கு என்று எஞ்சின் படகுகளை இறக்க அனுமதி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, சத்தமும் புகையும் எண்ணெயும் இல்லாத ஒரு துடுப்புப் படகுக்கு வாங்கத் தெரியாதா என்ன? தெற்கே மணப்பாடு இருக்கிறது, அலைச்சறுக்குக்காரர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த கடற்கரை.

பணமா? படகு லட்சக்கணக்கில், உண்மைதான். உப்புக்காற்றில் சக்கரமும் தண்டவாளமும் துருப்பிடிக்கும், தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அதுவும் குடிதண்ணீர் பற்றாக்குறை இருக்கிற ஊரில். ஆனால் இந்தச் செலவைத் தனி ஆள் செய்ய வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்த விளையாட்டு கிளப் வாசலைத் தாண்டவில்லை. மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் ஆரம்பித்தது. மெட்ராஸ்-கொழும்பு படகுப் போட்டி 1898-லிருந்து நடக்கிறது. நூற்று ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டில் முறையான துடுப்புப் பயிற்சி இருக்கிறது, அடையாற்றில். அதைக் குறை சொல்வதற்கில்லை, நல்ல வீரர்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நூற்று ஐம்பது வருஷத்தில் அது அடையாற்றிலிருந்து மீனவர் குடியிருப்புக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

அயர்லாந்தில் ஸ்கிபரீன் என்று ஒரு ஊர். மூவாயிரம் பேர் கூடத் தேறாது. அங்கே 1970-ல் ஆரம்பித்த துடுப்பு கிளப்பிலிருந்து 2016-ல் ஓடோனவன் சகோதரர்கள் ரியோவில் வெள்ளி, அவர்களில் ஒருவரான பால் ஓடோனவன் ஃபின்டன் மெக்கார்த்தியோடு சேர்ந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அங்கேயும் எழுதினார்கள்! இருந்தது ஒரு ஆறு, ஒரு ஷெட், பள்ளிப் பிள்ளைகளை வருஷம் பூராவும் விடாமல் தண்ணீரில் இறக்கிய டொமினிக் கேஸி என்ற கோச். தூத்துக்குடி மாநகரத்தின் ஜனத்தொகை இதற்கு எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தக் கதையில் இன்னொரு அநியாயமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. "கடலோடி ரத்தம்" என்றால் மேடையில் இருப்பவர் மனசில் வருவது பையன்கள்தான். வள்ளத்தில் பெண்களை ஏற்றுவதில்லை, அதனால் பெண் பிள்ளை கணக்கிலேயே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று போட்டிகளில் இரண்டுக்குப் பெண் இல்லாமல் முடியாது! இதே மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரம் பக்கம், பெண்கள் கையில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளையும், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளையும், கடலுக்கே சம்பந்தமில்லாத மில்தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி உயரம் அளந்தால் என்ன? தத்து போகனலை அப்படித்தானே கண்டெடுத்தார்கள்.

அரசு ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி அறிவித்திருக்கிறது. நல்லது, வரட்டும். தேறிய வீரர்களுக்கு அது வேண்டும். ஆனால் ஆரம்பிக்கிற பிள்ளைக்கு வேண்டியது, பள்ளிக்கூடம் போவதற்கு முன் நடந்தே போய்ச் சேரக்கூடிய ஒரு ஷெட். அதில் நாலு கடல் ஒற்றைப் படகு, நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, நீச்சல் தெரிந்த கோச் ஒருவர், கூடவே கண்காணிக்க எஞ்சின் வள்ளம் ஒன்று (அதை ஓட்ட ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை), முடிந்ததும் ஒரு டிபன். பிரப்பன்வலசை தூத்துக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். திரேஸ்புரத்துப் பெண் பிள்ளை காலை 5.30-க்கு அங்கே படகில் உட்கார வேண்டுமென்றால், முந்தின நாள் ராத்திரியே பஸ் ஏற வேண்டும்.